அந்தமான் கடற்கரைப் பயணம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். 2019 பிப்ரவரியில் கணவரோடு, 2023 ஜனவரியில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு. திருச்சிக்குத் திரும்பிய நாளிலிருந்து அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. மேலே இருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வருபவை முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

அந்தமான்ல அப்படி என்னதான் இருக்கு? நம்ம ராமேஸ்வரத்துல, கன்னியாகுமரில இல்லாத கடலா?

கடல் ஒன்றுதான். ஆனால் தண்ணீரின் நிறம் வேறு, மணல் வேறு, கரையில் நிற்கும் காடு வேறு. நம் கிழக்குக் கரையில் காவிரி, கிருஷ்ணா, கோதாவரி எல்லாம் வண்டலைக் கொண்டுவந்து கடலில் கொட்டுகின்றன. அந்தமானில் அப்படிப் பெரிய ஆறு கிடையாது. அதனால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலும் கால் விரல்கள் தெரியும். மெரினா மணலில் பெரும்பகுதி பாறை தேய்ந்து வந்தது. அங்கே பவளமும் சிப்பியும் பொடிந்து வந்த வெள்ளை மணல், மாவு போல நைசாக இருக்கும். மத்தியான வெயிலிலும் நம் ஊர் மணல் அளவுக்குக் காலைச் சுடாது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது காடுதான். நம் ஊரில் கடற்கரை என்றால் வெட்டவெளி. அங்கே நூறடி உயர மரங்கள் மணல் விளிம்பு வரை வந்து நிற்கின்றன. காட்டு நிழலில் உட்கார்ந்தபடி கடலைப் பார்க்கலாம்.

மாலத்தீவு போறதா, அந்தமான் போறதான்னு குழப்பமா இருக்கு. எது பெட்டர்?

மாலத்தீவு நான் போனதில்லை, அதனால் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நில அமைப்பில் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். மாலத்தீவுகள் பவளத்தின் மேல் உருவான தட்டைத் தீவுகள், கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் உயரம்தான். அந்தமான் என்பது பர்மாவின் அரக்கன் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மறுபடி தலைநீட்டும் இடம். வடக்கே சாடில் பீக் 732 மீட்டர் உயரம். மலை, காடு, கிராமம், வயல், கடல் எல்லாம் சேர்ந்து வேண்டும் என்றால் அந்தமான்.

பாஸ்போர்ட், பர்மிட் ஏதாவது வேணுமா? பாஷை?

இந்தியக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஆதார் மாதிரி ஓர் அடையாள அட்டை போதும். அதன் அசலைக் கையிலேயே வைத்திருங்கள், ஒவ்வொரு தடவை ஃபெர்ரி ஏறும்போதும் கேட்பார்கள். நிக்கோபார் தீவுகளுக்கும் பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்கும் சுற்றுலாப் பயணியாகப் போக முடியாது.

பாஷைக்குக் கவலையே வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்து அதிகம் பேர் பேசும் மொழி தமிழ். போர்ட் பிளேரில் ஆட்டோ ஓட்டுபவர், மெஸ் வைத்திருப்பவர், பூக்கட்டும் அம்மா என்று தமிழ்க் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். முருகன் கோயிலே இருக்கிறது. பயணிகள் அதிகம் போகும் தீவுகளான ஹேவ்லாக்கிலும் நீலிலும் வங்காளக் குடும்பங்கள் அதிகம், அங்கே இந்தி உதவும்.

பேரெல்லாம் மாத்திட்டாங்களாமே? டிக்கெட்ல ஒண்ணு, மேப்ல ஒண்ணு வருதே?

2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது, போர்ட் பிளேர் எதிரில் இருக்கும் ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயர் வந்தது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. டிக்கெட்டில் புதிய பெயர் இருக்கும், மக்கள் வாயில் பழைய பெயர்தான். நானும் இங்கே பழகிய பெயரிலேயே எழுதுகிறேன்.

கப்பல்ல போறதா, ஃபிளைட்ல போறதா?

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள், தூரம் சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பல் தினமும் கிடையாது, புறப்படும் தேதி மாறவும் செய்யும். லீவு ஒரு வாரம்தான் என்றால் யோசிக்காமல் விமானம்.

முதல் தடவை நாங்கள் கப்பலில் போனோம். இரண்டாம் நாள் காலை எழுந்து மேல்தளத்துக்கு வந்தால் நாலு பக்கமும் கரையே இல்லை. தண்ணீர் நீலம் இல்லை, மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி கருநீலம். கப்பலின் முன்பக்கத்திலிருந்து கோலா மீன்கள் கூட்டமாகத் துள்ளி எழுந்து, சிறகு மாதிரி துடுப்பை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேல் வழுக்கிப் போயின. மூன்றாம் நாள் தூரத்தில் பச்சைக் கோடாக முதல் தீவு தெரிந்தபோது, கப்பலில் வந்த தீவுக்காரர்கள் எல்லோரும் எழுந்து கைப்பிடி ஓரம் போய் நின்றுவிட்டார்கள். பத்து நாள் லீவு கிடைப்பவர்கள் ஒரு வழியாவது கப்பலில் போக வேண்டும் என்பது என் ஆசை. கேபினில் இடம் பிடியுங்கள். கீழ்த்தளத்தில் பொதுவாகப் படுக்கும் பங்க் வகுப்பு சின்னக் குழந்தைகளோடு கஷ்டம்.

எந்த மாசம் போகணும்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கடல் அடங்கித் தெளிவாக இருப்பது பிப்ரவரி, மார்ச்சில். மே பாதியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது, பிறகு வடகிழக்கும் வரும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிற இடம். பள்ளி லீவு என்று மே கடைசியில் போனவர்கள் பாதி நாள் அறையிலேயே இருந்துவிட்டு வந்த கதையை நிறையக் கேட்டிருக்கிறேன்.

நவம்பர், டிசம்பரில் புயல் பயம் உண்டு. 2016 டிசம்பரில் புயல் காரணமாக ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. அந்த மாதங்களில் போனால் கடைசியில் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வேணும்? நாலு நாள் போதுமா?

ஆறு இரவாவது வேண்டும் என்பேன். போர்ட் பிளேரில் இரண்டு, ஹேவ்லாக்கில் மூன்று, நீலில் ஒன்று. நாலு நாள் திட்டத்தில் மூன்று தீவும் போட்டுத் தருவார்கள். அதில் பாதி நேரம் படகுத்துறையில் பெட்டியோடு வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். நாலு நாள்தான் கிடைக்கும் என்றால் நீலை விட்டுவிட்டு ஹேவ்லாக்கில் மட்டும் தங்குங்கள்.

கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். ஊர் திரும்பும் விமானத்தன்று காலையில் ஹேவ்லாக்கிலிருந்து ஃபெர்ரி பிடிக்கும் திட்டத்தை யார் போட்டுத் தந்தாலும் மறுத்துவிடுங்கள். காற்று கொஞ்சம் எழுந்தாலும் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது.

எவ்வளவு ஆகும்?

தொகையாகச் சொன்னால் அடுத்த மாதமே தப்பாகிவிடும். எங்களுக்குச் செலவில் பெரும்பங்கு விமானத்துக்கும் அறைக்கும் போயிற்று. கிறிஸ்துமஸ் வாரத்தையும் பொங்கல் லீவையும் தவிர்த்தாலே இரண்டும் இறங்கிவிடும். அரசு ஃபெர்ரி தனியார் ஃபெர்ரியைவிட ரொம்பக் குறைவு. ஹேவ்லாக்கில் ஸ்கூட்டி வாடகைக்கு எடுத்தால் டாக்சிச் செலவு மிச்சம், சாலையில் நெரிசலும் இல்லை. கையை மீறிப் போவது தண்ணீர் விளையாட்டுகளில்தான். ஒரே நாளில் நாலைந்தைக் கட்டாக விற்பார்கள், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஹேவ்லாக்கா, நீலா? எது அழகு?

ஹேவ்லாக் பெரிது, விடுதிகளும் கடைகளும் அதிகம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளைக் குடியமர்த்திய தீவு. கோவிந்த் நகர், கிருஷ்ணா நகர், ஷியாம் நகர், ராதாநகர் என்று கிராமங்களுக்கெல்லாம் கண்ணன் வீட்டுப் பெயர்கள். நீலுக்கு வந்தால் ராமாயணம்: சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம் நகர். நீல் சின்னது, காய்கறி விளைகிற தீவு. சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். வாழைத்தோப்புக்கும் கத்தரிப் பாத்திக்கும் நடுவில் ஓடும் சாலை திடீரென்று கடலில் முடியும்.

கடற்கரையின் அழகுக்கு ஹேவ்லாக், மனசு அடங்குவதற்கு நீல். அம்மாவுக்கு நீல்தான் பிடித்தது.

ராதாநகர் பீச் நிஜமாவே அவ்வளவு அழகா, இல்ல விளம்பரமா?

நிஜம். 2004இல் டைம் பத்திரிகை அதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. 2020இல் இந்தியாவில் முதன்முதலாக, சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று பெற்ற எட்டுக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று. ஆனால் இந்தப் பட்டங்கள் எதுவும் தெரியாத என் அம்மா அங்கே நின்ற விதத்தைத்தான் நான் சாட்சியாகச் சொல்வேன். வண்டியை விட்டு இறங்கி மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். காட்டு இருட்டு, சருகு வாசனை. மரங்கள் முடிகிற இடத்தில் இரண்டு கிலோமீட்டர் நீள வெள்ளை வளைவு மொத்தமும் ஒரே சமயத்தில் கண்ணில் விழுகிறது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "கோயிலுக்குள்ள போற மாதிரி இருக்குடி" என்றார்.

மேற்குப் பார்த்த கரை என்பதால் எல்லோரும் சூரியன் மறைவதற்கு வருகிறார்கள். கூட்டம் அப்போதுதான். காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஈர மணலில் முதல் காலடி உங்களுடையதாக இருக்கும். சங்கைச் சுமந்துகொண்டு துறவி நண்டுகள் இரவெல்லாம் நடந்த கோடுகள் தையல் போட்டது போல மணலில் கிடக்கும். ஒன்றை என் மகள் கால் மணி நேரம் குந்தியிருந்து பார்த்தாள். நிழல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும், சத்தம் அடங்கியதும் முதலில் ஒரு கண், பிறகு ஒரு கொடுக்கு, பிறகு நடை.

இங்கே அலை உண்டு. குளம் மாதிரி அசையாத தண்ணீர் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். உயிர்காப்பாளர் விசில் அடித்தால் உடனே கரையேறிவிடுங்கள்.

நாங்க போனப்ப போட்டோல பாத்த தண்ணியே இல்ல, பாறையும் சேறுமா கிடந்துச்சு. ஏமாத்திட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் வற்றத்தில் போயிருக்கிறீர்கள். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றுகிறது. நம் சென்னைக் கரையில் இந்த ஏற்ற வற்றம் ஒரு மீட்டர் அளவில்தான், அதனால் நாம் கவனிப்பதே இல்லை. அந்தமானில் அது இரண்டு மீட்டரைத் தொடும். கரை தட்டையாக இருக்கிற இடங்களில், ஹேவ்லாக்கின் விஜய் நகர் பக்கமும் நீலின் பரத்பூரிலும், தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்ப் பாறையும் செத்த பவளமும் வெளியே தெரியும். காலையில் குளிக்க முடியாத அதே இடத்தில் மத்தியானம் பச்சைத் தண்ணீர் ததும்பும்.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். போகிற நாட்களுக்கான ஏற்ற வற்ற அட்டவணையை முன்னாலேயே பாருங்கள். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். முதல் தடவை எங்களுக்கு டிக்கெட் போட்டுத் தந்த ஏஜென்ட் இதைப் பார்க்கவே இல்லை. நீலில் லக்ஷ்மண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாலத்துக்கு, கடல் ஏறிய நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பாதி வழியில் தண்ணீர், திரும்பி வந்தோம்.

இரண்டாம் தடவை நானே அட்டவணை பார்த்து வற்றத்தின் அடிநேரத்தில் போனேன். பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு குழியும் ஒரு தொட்டி. கறுப்பாக ஒரு முழ நீளத்தில் கடல் அட்டை, ராமேஸ்வரம் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னொரு குழியில் பெரிய சிப்பி ஒன்று வாய் திறந்து கிடந்தது, அதன் உதடு மயில் கழுத்து நீலம். வழிகாட்டிப் பையன் தண்ணீருக்கு மேல் கையை அசைத்தான். நிழல் பட்டதுமே அது மெதுவாக வாயை மூடிக்கொண்டது. பாறை கூர்மையாக இருக்கும், ரப்பர் செருப்பு வழுக்கும். பின்பட்டை உள்ள சாண்டல் போடுங்கள்.

அங்க சீக்கிரமே இருட்டிடுமாமே?

ஆமாம். கடிகாரத்தில் இந்திய நேரம்தான், ஆனால் தீவுகள் சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கு மேல் தள்ளி இருக்கின்றன. அதனால் சூரியன் அங்கே ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால் ஓடுகிறது. டிசம்பர் கடைசியில் மாலை ஐந்து மணியை ஒட்டியே மறைந்துவிடும். "சாயங்காலம் டீ குடிச்சிட்டு அஞ்சரைக்குப் போவோம்" என்று கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். பதிலுக்கு விடியல் சீக்கிரம், கோடையில் ஐந்து மணிக்கே வெளிச்சம். பத்து மணிக்கு முன்னால் ஒரு முழுக் கடற்கரை நாளை வாழ்ந்து முடித்துவிடலாம்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்கூபா பண்ணலாமா?

பண்ணலாம். முதல் தடவைக்காரர்களுக்கான டைவில் பயிற்சியாளர் ஒருவர் உங்கள் கூடவே, உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார். பத்து வயது ஆகியிருக்க வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதில் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் கூடாது. உடல்நிலைப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். சளி பிடித்திருந்தாலும் வேண்டாம், காதடைப்பு திறக்காமல் வலி உயிர் போகும். டைவ் முடித்த பதினெட்டு மணி நேரத்துக்கு விமானம் ஏறக்கூடாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், மேலே காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகும் என்பதுதான் காரணம். கடைசி இரவு போர்ட் பிளேரில் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கும் நீச்சல் தெரியாது. முதல் இரண்டு நிமிடம் மூக்கை அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுவதே பதற்றமாக இருந்தது. மேலே போக வேண்டும் என்று கட்டைவிரலைக் காட்டினேன், பயிற்சியாளர் உடனே மேலே கொண்டுவந்தார். மூச்சை நிதானமாக எண்ணச் சொல்லி மறுபடி இறக்கினார். அப்புறம் என் மூச்சுக் குமிழிச் சத்தம் தவிர உலகத்தில் வேறு சத்தம் இல்லை.

பவளமெல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே, பாக்க எதுவும் இருக்கா?

பாதி உண்மை. கடல் சூடாகும்போது பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப் பட்டினியில் சாகும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தது. 2004 சுனாமியும் பூகம்பமும் வேறு. வடக்கில் நிலம் உயர்ந்து பவளத் திட்டுகள் வெயிலில் காய்ந்தன, தெற்கில் நிலம் தாழ்ந்தது. ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச்சில் கரையோரம் மிதந்து பார்த்தபோது சாம்பல் நிறத்தில் உடைந்த குச்சிகளாகத்தான் நிறைய இடம் இருந்தது. மனசு கனத்தது.

ஆனால் மீன்கள் இருந்தன. கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கடலை உடைப்பது போலக் கேட்கும். கொஞ்சம் ஆழத்தில் உயிருள்ள பவளமும் பார்த்தேன். அதனால்தான் கேட்கிறேன்: பவளத்தின் மேல் காலை வைக்காதீர்கள், போட்டோவுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு கைப்பிடி வளர அதற்குப் பல வருடம் ஆகிறது. வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டையோடு இறங்குவது கடலுக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது.

முதலை இருக்காமே? குழந்தையைக் கூட்டிட்டுப் போலாமா?

இருக்கிறது. உப்புத் தண்ணீரில் வாழும் செம்மூக்கு முதலை. கழிமுகங்களும் அலையாத்திக் காடுகளும் அதன் வீடு, அங்கிருந்து கடல் வழியாக இடம் மாறும். 2010இல் ராதாநகருக்குப் பக்கத்தில், நீல்ஸ் கோவ் என்ற இடத்தில் அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. அதற்குப் பின் எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள்.

குழந்தையோடு போகலாம், நான் போனேன். குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும், பகல் வெளிச்சத்தில், உயிர்காப்பாளர் கண் எதிரில் இறங்குங்கள். ஓடை கடலில் கலக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம். குழந்தைகளைத் தினமும் படுத்துவது முதலையைவிட மணல் ஈதான். கண்ணுக்கே தெரியாது, காலையிலும் மாலையிலும் கடிக்கும், ஒரு வாரம் அரிக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவி, மணலில் நேரடியாகப் படுக்காமல் விரிப்பின் மேல் உட்கார வையுங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயசு, முழங்கால் வலி. அவங்களால முடியுமா?

என் அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு, அதே முழங்கால். ராதாநகர், நீல் கடற்கரைகள் எல்லாம் சமதளம், பிரச்சினை இல்லை. கஷ்டப்பட்டது மூன்று இடங்களில். படகுத்துறையிலிருந்து ஆடும் ஃபெர்ரிக்குள் கால் வைப்பது, செல்லுலார் சிறையின் மாடிப்படிகள், எலிஃபன்ட் பீச்சில் சின்னப் படகிலிருந்து இறங்குவது. மூன்றாவதை அம்மாவுக்குத் தவிர்த்துவிட்டோம். ஏற்ற வற்றம் பற்றி மேலே சொன்ன பாறை நடையும் அவர்களுக்கு வேண்டாம்.

ஃபெர்ரியில் வாந்தி வருமா என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். தனியார் ஃபெர்ரி மூடிய ஏசி கூடம், ஒன்றரை மணி நேரம். அரசு ஃபெர்ரி மெதுவாகப் போகும், ஆனால் மேல்தளத்தில் காற்றில் நிற்கலாம். கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்னாலோ உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும்.

சாப்பாடு எப்படி? நாங்க சுத்த சைவம்.

போர்ட் பிளேரில் அபர்தீன் பஜார் பக்கம் இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். தீவுகளில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ஒரு கூட்டு என்று வங்காளச் சைவத் தட்டு. சுவை சாதாரணம், பசிக்குக் குறையில்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஹேவ்லாக் மார்க்கெட்டில் ஒரு சின்னக் கடையில் கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு சாப்பிட்டேன், முதல் வாயில் மூக்கில் ஏறிய அந்தக் காரம் இன்னும் நினைவிருக்கிறது.

போன் சிக்னல் கிடைக்குமா? பணம் கையில எவ்வளவு வெச்சுக்கணும்?

2019இல் போனபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் போக ராத்திரி முழுக்க ஆயிற்று. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் திறந்தார்கள், சுமார் 2,300 கிலோமீட்டர். 2023இல் ஹேவ்லாக்கிலிருந்து வீடியோ காலே பேசினோம். கரை ஓரங்களிலும் படகிலும் விட்டுவிட்டுத்தான் வரும். இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பீச் ட்ரிப்ல ஜெயிலைப் போய் எதுக்குப் பாக்கணும்?

பாருங்கள். இந்தக் கடலை அழகென்று நாம் பார்க்கிறோம். இதே தண்ணீர் கைதிகளுக்குச் சுவராக இருந்தது. போர்ட் பிளேரில் இருக்கும் செல்லுலார் சிறை, 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தது. ஏழு கிளைகளில் மூன்றுதான் இப்போது நிற்கின்றன. ஒரு கிளையின் அறை வாசல் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. நான் ஓர் அறைக்குள் போய் நின்றேன், மேலே எட்டாத உயரத்தில் சின்ன ஜன்னல். ஹேவ்லாக் போவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஜாரவா மக்களைப் பாக்க முடியுமா? பாரடாங் போற வழியில தெரிவாங்களாமே?

பாரடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாகக் கூட்டிப் போவார்கள். நடுவில் நிறுத்துவதும், படம் எடுப்பதும், எதையாவது கொடுப்பதும் சட்டப்படி குற்றம். "அதிர்ஷ்டம் இருந்தா தெரிவாங்க" என்று சொல்லி விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டு முற்றம் வழியாக வண்டியில் போய் வேடிக்கை பார்ப்பது தவறு என்று நினைத்து இரண்டு தடவையும் பாரடாங்கை விட்டுவிட்டோம். குகை எங்கும் பார்க்கலாம்.

ஒரு சின்ன சங்கு, பவளத் துண்டு எடுத்துட்டு வந்தா யாருக்குத் தெரியப்போகுது?

விமான நிலைய ஸ்கேனருக்குத் தெரியும். பவளம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த துண்டும் சேர்த்து. ராதாநகர் துறவி நண்டைச் சொன்னேனே, கரையில் கிடக்கும் காலிச் சங்குதான் அதற்கு அடுத்த வீடு. உரிமம் உள்ள கடையில் வாங்கியதென்றால் ரசீதை பத்திரமாக வைத்திருங்கள்.

ரெண்டு தடவை போயாச்சு. மறுபடி போக என்ன இருக்கு?

டிக்லிப்பூர். வடக்கு அந்தமான். அங்கே ராஸ், ஸ்மித் என்று இரண்டு தீவுகள், வற்றத்தில் நடுவில் மணல்திட்டு எழுந்து இரண்டையும் சேர்க்கும், ஏற்றத்தில் மூழ்கிவிடும். இந்த ராஸ் போர்ட் பிளேர் எதிரில் இருப்பது இல்லை, வேறு. பக்கத்தில் காளிப்பூர் கடற்கரைக்கு நாலு வகை ஆமைகள் முட்டையிட வருகின்றன. சாலை வழியாகப் போனால் ஜாரவா காடு குறுக்கிடும், அதனால் போர்ட் பிளேரிலிருந்து கப்பல்தான். அம்மா இப்போதே கேட்டுவிட்டார், "அந்தக் கப்பல்ல ஏர்ற இடம் ஆடுமா?" என்று. ஆடும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.